சிறுகதையை ஆழ்ந்து வாசிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலக்கியச் சிறுகதைகளைப் புதிதாக வாசிக்கத் தொடங்கியவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. எடுத்துக்காட்டுகள் எல்லாம் தமிழ்ச் சிறுகதைகளிலிருந்து வந்தவை. பல கதைகளின் முடிவுகளும் பேசப்பட்டிருக்கின்றன. ஆகவே, ஒரு கதையை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்றால், அந்தப் பதிலை அப்படியே நிறுத்திவிட்டு முதலில் கதையைப் படித்துவிட்டு வாருங்கள்.

கதை எனக்குப் புரிந்துவிடுகிறது. அதற்கு மேல் ‘ஆழம்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையை எடுத்துக்கொள்வோம். கதையைச் சொல்பவர் குழந்தைகளோடு நெருங்கிப் பழகும் ஒருவர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவர் வீட்டுக்குள் உரிமையோடு நுழைவார்கள், அவர் கொண்டுவரும் புத்தகங்களுக்காகச் சண்டை போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் சாரங்கன் என்று ஒரு பையன். ஒருமுறை இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் டைரி கிடைக்கிறது, சாரங்கனுக்குக் கிடைக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துச் சென்று உபசரிக்கிறான். ஒரு டைரியை எடுத்து அவர் முன் வைத்து எழுதச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான்: என் பிரியமுள்ள சாரங்கனுக்கு அன்பளிப்பு.

அன்புக்கு ஏங்கிய சிறுவனின் கதை என்று இதைச் சொல்லிவிடலாம். அது சரிதான், கதை புரிந்திருக்கிறது. இப்போது இன்னொன்றைக் கவனியுங்கள். கதை முழுவதையும் அந்தப் பெரியவரின் கண் வழியாகவே பார்க்கிறோம். தான் குழந்தைகளின் நண்பன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவருடைய பார்வை ஓரமாக ஒதுக்கிய இடத்தில்தான் நாமும் சாரங்கனை வைத்திருந்தோம். டைரி நீட்டப்படும் கணத்தில் அவர் மட்டுமல்ல, நாமும் பிடிபடுகிறோம். முந்தைய பக்கங்களில் அந்தப் பையனைத் தாண்டி எத்தனை முறை விரைந்து போயிருக்கிறோம் என்று திரும்பிப் பார்க்கத் தோன்றுகிறது. அவன்மேல் வரும் இரக்கத்தோடு நம்மைப் பற்றிய ஒரு கூச்சமும் சேர்ந்துகொள்கிறது.

அந்தக் கூச்சத்தைப் பற்றிக் கதையில் ஒரு வாக்கியமும் கிடையாது. அது வாசிப்பவருக்குள் நிகழ்கிறது. ஆனாலும் அது நிகழும்படி கதை கட்டப்பட்டிருக்கிறது: யார் சொல்வது, யாரை எப்போது எவ்வளவு நேரம் காட்டுவது என்று ஒவ்வொன்றும் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. ஆழம் என்று நான் சொல்வது இதைத்தான். கதைக்கு அடியில் புதைத்துவைத்த ரகசியம் எதுவும் இல்லை. எல்லாம் பக்கத்தின் மேலேயே இருக்கிறது. நாம்தான் வேகமாகப் போய்விடுகிறோம்.

ஒவ்வொரு கதைக்கும் ஒரு மையக்கருத்து இருக்கும் என்றுதானே பள்ளியில் படித்தோம்?

தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு அது பயன்பட்டது. வாசிப்பில் அது பெரிய தடையாகிவிடுகிறது. கருத்தைக் கண்டுபிடித்ததும் கதை முடிந்துவிட்டது என்று மனம் புத்தகத்தை மூடிவிடும். ‘அன்பளிப்பு’க்கு ‘குழந்தைகளிடம் பாரபட்சம் காட்டக்கூடாது’ என்று மையக்கருத்து எழுதிப் பாருங்கள். தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் சாரங்கன் அதில் எங்கே இருக்கிறான்?

‘இந்தக் கதை என்ன சொல்கிறது?’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘இந்தக் கதை எனக்குள் என்ன செய்தது, எந்த இடத்தில் செய்தது?’ என்று கேட்கப் பழகுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். ‘நெகிழ்ந்துவிட்டேன்’ என்பதோடு நிறுத்தாமல், நெகிழ வைத்த வரியை விரலால் தொட்டுக் காட்ட முடிய வேண்டும்.

முதல் வாசிப்பிலேயே குறிப்பெடுத்துக்கொண்டு படிக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் முறை கதையோடு போங்கள். அடுத்து என்ன ஆகும் என்ற ஆவல் குறைந்த ரசனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த ஆவலை நம்பித்தான் எழுத்தாளர் கதையை அமைத்திருக்கிறார். முடிந்தால் ஒரே அமர்வில் படியுங்கள். சிறுகதை அதற்காக எழுதப்பட்ட வடிவம். முடித்த பிறகு உடனே அடுத்த கதைக்குத் தாவாமல் இருப்பது மட்டும் போதும்.

அப்படியானால் இரண்டாவது வாசிப்பில் எதைத் தேட வேண்டும்?

முதலில் தொடக்கத்துக்குத் திரும்புங்கள். முடிவு தெரிந்த பிறகு முதல் பக்கம் வேறு பக்கமாகிவிடும். நல்ல கதைகளில் முதல் காட்சி பொழுதுபோக்காக வைக்கப்பட்டிருக்காது.

இதற்கு அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. கதை குழந்தைகளின் விளையாட்டில் தொடங்குகிறது. புத்தகத்தில் உள்ள படங்களைக் காட்டி, ‘என்னிடம் இது இருக்கிறது, உன்னிடம் இருக்கிறதா?’ என்று போட்டி. வசதியான வீட்டுப் பையன் ராமசாமி ஒரு பக்கம். செல்லையா, தம்பையா, மங்கம்மாள் என்ற ஏழை வீட்டுக் குழந்தைகள் மறுபக்கம். போட்டி புத்தகத்தைத் தாண்டி வீட்டுக்கும் உடைமைக்கும் போகிறது. முதல் வாசிப்பில் இது குழந்தைகளின் இயல்பைக் காட்டும் ஒரு அழகான காட்சி, அவ்வளவுதான்.

பிறகு தீபாவளிக்கு முந்தைய இரவு. எச்சில் இலையில் மிஞ்சியதைத் தின்று பிழைக்கும், உடம்பெல்லாம் சிரங்கோடு இருக்கும் ஓர் அநாதைப் பையன் அந்த ஏழை வீட்டுக்கு வருகிறான். அவன் பெயர் ராஜா. தாயம்மாள் அவனுக்குச் சோறு போடுகிறாள், விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள், வீட்டில் இருந்த புதுத் துண்டைக் கொடுக்கிறாள். அதே தீபாவளிக்கு ராமசாமியின் வீட்டுக்கு ஜமீன்தார் மாப்பிள்ளை வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக்கு ராஜா வந்திருக்கிறார் என்கிறான் ராமசாமி. எங்கள் வீட்டுக்கும்தான் ராஜா வந்திருக்கிறான் என்று மங்கம்மாள் பதில் சொல்கிறாள்.

இப்போது முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இதே போட்டிதான் அது. ‘என்னிடம் இருக்கிறது’ என்ற அதே ஆட்டத்தின் கடைசிச் சுற்றை மங்கம்மாள் ஆடியிருக்கிறாள். அவள் தத்துவம் பேசவில்லை, ஏழைக்கு இரங்குவதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. ஆட்டத்தில் தோற்கக்கூடாது என்ற குழந்தையின் வீம்பு மட்டுமே அவளிடம் இருக்கிறது. அதனால்தான் அந்தப் பதில் இவ்வளவு சுத்தமாக ஒலிக்கிறது. கொடுப்பதைப் பற்றிய கதை ஒன்று, வைத்திருப்பதைப் பற்றிய போட்டிக்குள் எழுதப்பட்டிருக்கிறது.

தாயம்மாளிடமும் ஒரு முறை நில்லுங்கள். அவள் தேவதை அல்ல. இருப்பதே கொஞ்சம் எனும்போது அந்தத் துண்டைக் கொடுப்பது அவளுக்கு எளிதாக இருந்திருக்க முடியாது. தயங்காமல் கொடுப்பவர்களைப் பற்றிய கதைகள் நமக்கு ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மனத்தில் தங்குவதில்லை.

குறியீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எதைப் பார்த்தாலும் குறியீடாகத் தோன்றுகிறது, அல்லது எதுவுமே தோன்றுவதில்லை.

குறியீட்டைத் தேடிப் போகாதீர்கள். பொருளைப் பாருங்கள்.

கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையில் ஒரு கதவு வருகிறது. ‘கதவு என்பது பாதுகாப்பின் குறியீடு’ என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். எழுதியதும் கதை செத்துவிடும். மாறாக, அந்தக் கதவை யார் யார் என்ன செய்கிறார்கள் என்று வரிசையாகப் பாருங்கள். முதலில் குழந்தைகள் அதில் ஏறி ஆடுகிறார்கள். அது பஸ், டிக்கெட் கொடுக்கப்படுகிறது, ஊர்ப்பெயர் கூவப்படுகிறது. அப்பா மணிமுத்தாறுக்குக் கூலி வேலைக்குப் போயிருக்கிறார், அவரிடமிருந்து தகவல் இல்லை. தீர்வை, அதாவது நிலவரி, பாக்கிக்காகத் தலையாரி ஆட்களோடு வந்து கதவைக் கழற்றிக்கொண்டு போகிறான். அவனுக்கு அது ஜப்தி செய்யத்தக்க ஒரு சாமான். கதவு இல்லாத வீட்டுக்குள் குளிர்காற்று புகுகிறது. கைக்குழந்தை இறந்துபோகிறது. பின்னொரு நாள் சாவடிக்குப் பின்னால் அந்தக் கதவு கிடப்பதைக் கண்டு, அண்ணனும் தங்கையும் ஓடிப்போய் அதைக் கட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே மரப்பலகை. விளையாட்டாக, சொத்தாக, சுவராக, உறவாக மாறிக்கொண்டே போகிறது. கடைசியில் குழந்தைகள் கட்டிக்கொள்வது இவற்றில் எதை என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல முடியாது. அது முடியாததால்தான் அந்த இடம் கனக்கிறது.

இந்த வாசிப்பு முறை நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது:

‘யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே’

அவன் என்னோடு கூடிய அன்று யாரும் சாட்சி இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன், ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகு முதலில் ஒரு குருகுதான். ஓடும் நீர், பசிய கால், அதன் மெலிவு எல்லாம் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை. பிறகுதான் அதன் கண் மீன்மேல் இருந்தது என்பது உறைக்கிறது. இருந்த ஒரே சாட்சியும் பார்க்கவில்லை. இன்னும் கொஞ்சம் தங்கினால், அசையாமல் நின்று இரையைக் கவ்வக் காத்திருக்கும் அந்தப் பறவையில் அவனுடைய சாயலும் தெரியத் தொடங்குகிறது. அவள் அதைச் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரியுமா என்பதும் நமக்குத் தெரியாது. இயற்கைக் காட்சிக்குள் சொல்லாத பொருளை வைப்பதற்கு உள்ளுறை, இறைச்சி என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுத்த மொழியில் வாசிக்கிறோம். குருகை முதலில் குருகாகப் பார்த்தால் மற்றவை தானே வரும்.

கதை சொல்பவரை நம்பலாமா?

அவர் பார்த்ததை நம்பலாம். அதற்கு அவர் சொல்லும் காரணத்தை ஒரு கணம் தள்ளிவைத்துப் பார்க்கலாம்.

தி. ஜானகிராமனின் ‘பாயசம்’ ‘நான்’ என்று சொல்லப்படும் தன்மைக் கதை அல்ல, ஆனால் சாமநாதுவின் மனத்துக்குள்ளேயே நம்மை உட்கார வைத்துவிடுகிறது. அண்ணன் மகன் சுப்பராயன் செல்வமும் செல்வாக்குமாக வளர்ந்து நிற்பதை அந்தக் கிழவரால் தாங்க முடியவில்லை. கல்யாண வீடு. ஊரே கூடியிருக்கிறது. அவருடைய மனம் ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டே போகிறது. கூடவே போவதால் நாமும் கொஞ்சம் தலையாட்டத் தொடங்கிவிடுகிறோம். இறந்துபோன மனைவி வாலாம்பாளின் குரல் அவருக்குள்ளிருந்து அவரை இடித்துக்காட்டுகிறது. கடைசியில், ஊருக்கே காய்ச்சி வைத்த பாயசத்தை அந்தப் பெரிய தவலையோடு கவிழ்த்துவிட்டு, அதில் பெருச்சாளி விழுந்து கிடந்தது என்று கூச்சல் போடுகிறார்.

பொறாமையைப் பற்றிய கதை என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம். ஆனால் ஜானகிராமன் நம்மை எங்கே உட்காரவைத்தார் என்பதை மறக்க வேண்டாம். வெளியே நின்று பார்த்திருந்தால் சாமநாது ஒரு கெட்ட கிழவர். உள்ளே இருந்து பார்த்ததால், தவலையின் விளிம்பில் கை வைக்கும்போது நமக்குத் தெரிந்த ஒருவர் கை வைப்பதுபோல் இருக்கிறது. வாலாம்பாளின் குரலும் அவர் மனத்திலிருந்தே வருவது. அப்படியானால் அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தே செய்கிறார். இந்த இடத்தை யோசிக்காமல் அந்தக் கதையைத் தாண்டக்கூடாது.

அசோகமித்திரனின் ‘புலிக்கலைஞன்’ இதற்கு நேர்மாறான முறையில் எழுதப்பட்டது. சொல்பவர் சினிமா ஸ்டூடியோவில் வேலை பார்ப்பவர், குரலை உயர்த்தாதவர். டகர்பாயிட் காதர் என்று ஒருவன் வாய்ப்புக் கேட்டு வந்து, அந்த அலுவலக அறையிலேயே புலியாக மாறிக் காட்டுகிறான். அந்தச் சில நிமிடங்கள் அறையில் இருந்தவர்கள் உறைந்துபோகிறார்கள். பிறகு அவன் மீண்டும் பசித்த, கெஞ்சும் மனிதன். சொல்பவர் இதற்கெல்லாம் உணர்ச்சிகரமான சொல் எதையும் செலவழிப்பதில்லை. அவர் அடக்கிக்கொண்டது வாசகரிடம் வந்து சேர்கிறது. இப்படி எழுதப்பட்ட கதைகளில் பெயரடைகள் எவ்வளவு குறைவு என்று பாருங்கள்.

தலைப்புக்கு எவ்வளவு முக்கியத்துவம் தர வேண்டும்?

கதையைப் படிக்கும் முன் கொஞ்சம், படித்த பின் நிறைய.

கு.ப. ராஜகோபாலனின் ‘விடியுமா?’ ஒரு தந்தியில் தொடங்குகிறது. கணவன் சென்னை ஆஸ்பத்திரியில் அபாய நிலையில் இருப்பதாகச் செய்தி. குஞ்சம்மாள் உடன்பிறந்தவனோடு இரவு ரயிலில் போகிறாள். கதையின் பெரும்பகுதி அந்த இரவுதான். நம்பிக்கையும் அச்சமும் மாறி மாறி வருகின்றன. சகுனங்கள் தேடப்படுகின்றன. ‘விடியுமா?’ என்றால் ‘நல்ல காலம் வருமா?’ என்றுதான் முதலில் கேட்கிறது. கதையின் முடிவில் கணவன் இறந்துவிட்டது உறுதியாகிறது. பொழுதும் விடிகிறது. அந்த ஒரு இரவு முழுக்க அவளை வதைத்த சந்தேகம் தீர்ந்தது என்ற பொருளிலும் அது விடிவுதான். துக்கத்துக்குள் இப்படி ஒரு ஓய்வு இருக்க முடியும் என்பதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1944இல் இறந்துபோன ஓர் எழுத்தாளரின் கதை இது. இன்றும் மருத்துவமனை வாசலில் காத்திருந்த எவருக்கும் அந்தக் கேள்விக்குறி தெரிந்ததாகவே இருக்கும்.

ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேசம்’ 1966இல் ஆனந்த விகடனில் வந்து பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. மழை நாளில் காரில் ஏறிய கல்லூரிப் பெண் ஒருத்திக்கு நேர்ந்ததைக் கேட்ட தாய், முதலில் குமுறி, பிறகு அவள் தலையில் தண்ணீரைக் கொட்டிக் குளிப்பாட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்கிறாள். தலைப்பில் தீ. கதை முழுவதும் தண்ணீர்: தொடக்கத்தில் மழை, முடிவில் குளியல். சீதையை உலகத்தின் முன் தீயில் இறக்கினார்கள். இங்கே ஒரு தாய் வீட்டுக்குள், யாருக்கும் நிரூபிக்கத் தேவையில்லாமல், தண்ணீரால் முடித்துவிடுகிறாள். தலைப்பையும் கதையையும் எதிரெதிரே நிறுத்திப் பார்க்காமல் இந்தக் கதையைப் பற்றி விவாதித்தவர்கள் நிறையப் பேர். அந்தத் தாய் வேறு மாதிரி நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஜெயகாந்தனே பிறகு ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் எழுதிப் பார்த்தார்.

கதை யாரிடம் பேசுகிறது என்பதைக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ இதற்குப் பாடம். மிகச் சிறிய கதை. மில்லில் வேலை செய்யும் அம்மாளு, அடிபட்டுக் கிடக்கும் குதிரைவண்டிக்காரக் கணவனுக்குப் பால்கஞ்சி கொடுக்கப் பணமில்லாமல் ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது. கடைசி வரி: ‘என்னமோ கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே! இதுதான், ஐயா, பொன்னகரம்!’

அந்த ‘ஐயா’ யார்? அம்மாளு இந்தக் கதையைப் படிக்கப்போவதில்லை. 1930களில் மணிக்கொடி இதழை வாங்கிப் படித்தவர் யாரோ அவர்தான் அந்த ஐயா. இன்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் நீங்களும் எழுதும் நானும்தான். கதை அம்மாளுவைப் பற்றியது, ஆனால் கூண்டில் நிறுத்தப்பட்டிருப்பவர் வாசகர். அவளுக்காகக் கண்ணீர் விடுவது அந்தக் கூண்டிலிருந்து நழுவும் வழியாகவும் ஆகிவிடலாம்.

புராணம் தெரியாவிட்டால் சில கதைகள் புரியாதே?

புராணத்தைத் தழுவிய கதைக்கு மூலக்கதை தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டால் பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். அதைவிடக் கடினம், தெரிந்ததை மறப்பது. புதுமைப்பித்தன் ‘சாபவிமோசனம்’ கதையின் முன்குறிப்பிலேயே, ராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இது பிடிபடாமலோ பிடிக்காமலோ போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று எழுதிவிட்டார்.

1943இல் கலைமகள் இதழில் வந்த கதை. ராமன் பாதம் பட்டு அகலிகை எழுவதோடு பழைய கதை முடிந்துவிடும். இங்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது. சாபம் நீங்கிய பிறகு எப்படி வாழ்வது? கௌதமனும் அகலிகையும் ஒருவரையொருவர் காயப்படுத்தாமல் பேசவே தடுமாறுகிறார்கள். மற்றவர் பார்வை அவளைக் குத்திக்கொண்டே இருக்கிறது. தன்னை மன்னித்த ராமன்மேல் மட்டும் அவளுக்குக் குறையாத நம்பிக்கை. கடைசியில் அயோத்திக்குத் திரும்பிய சீதை வந்து, தீக்குளித்ததைப் பற்றிச் சொல்கிறாள். அவர் கேட்டாரா என்று திகைக்கிறாள் அகலிகை. உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா என்கிறாள் சீதை. அகலிகை மறுபடியும் கல்லாகிறாள்.

முதல் முறை கல்லானது கணவன் இட்ட சாபத்தால். இரண்டாம் முறை அவளைச் சபித்தவர் யாரும் இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தோடு உட்கார்ந்து யோசித்தால் போதும், கதை திறந்துகொள்ளும். எனக்கு இது தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த கதைகளில் ஒன்று.

மௌனியின் கதைகள் எனக்குப் புரியவே இல்லை. குறை என்னிடமா?

இல்லை. மௌனி எழுதியது சுமார் இருபத்துநான்கு கதைகள்தான். அவற்றில் நிகழ்ச்சிகளைத் தொகுத்துச் சொல்ல முயன்றால் கையில் ஒன்றும் மிஞ்சாது. ‘அழியாச்சுடர்’ கதையில் கோயில், ஒரு பெண், பல ஆண்டுகளுக்கு முன் சொன்ன ஒரு சொல், அதைச் சுமக்கும் ஒருவன் எல்லாம் இருக்கிறார்கள். ‘எவற்றின் நடமாடும் நிழல்கள் நாம்?’ என்ற கேள்வி அங்கேதான் வருகிறது. அவரைப் புதுமைப்பித்தன் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்றார். திருமந்திரத்தைப் படிப்பதுபோல் மெதுவாக, சில வரிகளை உரக்க, அன்றைக்குப் பிடிபடாததை அப்படியே விட்டுவிட்டுப் படியுங்கள். பிடிபடாமலே போனாலும் குற்றமில்லை. எல்லா நல்ல எழுத்தாளரும் எல்லா வாசகருக்கும் உரியவரல்லர்.

நான் இல்லாத அர்த்தத்தைக் கற்பிக்கிறேனோ என்று பயமாக இருக்கிறது. ஆசிரியர் இதையெல்லாம் யோசித்தா எழுதியிருப்பார்?

அவர் யோசித்தாரா என்பது உங்கள் கவலை அல்ல. பக்கத்தில் இருக்கிறதா என்பதுதான். எழுதுபவரின் கை அவர் அறிந்ததைவிட அதிகம் செய்துவிடுவது உண்டு.

இரண்டு கேள்விகளால் உங்கள் வாசிப்பைச் சோதித்துக்கொள்ளலாம். நீங்கள் சொல்லும் பொருளுக்கு ஆதாரமாகக் கதைக்குள் எந்த வரியைக் காட்டுவீர்கள்? அதற்கு எதிராகப் பேசும் வரி ஏதாவது இருக்கிறதா? இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்டுக்கொள்வதில்லை. ‘கதவு’ அரசாங்கத்தின் கொடுமையைப் பற்றிய கதை மட்டும்தான் என்று ஒருவர் சொன்னால், முதல் காட்சியின் பஸ் விளையாட்டும் அதில் உள்ள கும்மாளமும் எதற்கு என்று அவர் பதில் சொல்லியாக வேண்டும். எதிர்வரிக்கும் இடம் கொடுக்கும் வாசிப்பு நிற்கும்.

பழைய கதைகளில் சாதி பற்றியும் பெண்கள் பற்றியும் வரும் சில வரிகள் உறுத்துகின்றன. கண்டுகொள்ளாமல் விட வேண்டுமா?

விடக்கூடாது. அந்த உறுத்தலும் வாசிப்புதான். புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்ட மருதியின் கதை. அவளுக்கு நேர்ந்த அநீதியை அந்தக் காலத்தில் அவ்வளவு விரிவாக எழுதியவர்கள் மிகக் குறைவு. அதே கதையில் அவளுடைய மக்களை வெளியிலிருந்து பார்க்கும் தொனியும் இருக்கிறது என்று விமர்சனம் உண்டு. இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை அழிக்க வேண்டியதில்லை.

உள்ளிருந்து எழுதப்பட்டவற்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இமையத்தின் ‘பெத்தவன்’ நெடுங்கதையில், சாதி மாறிக் காதலித்த மகளைக் கொல்லச் சொல்லி ஊர் ஒரு தகப்பனை நெருக்குகிறது. பெரும்பாலும் பேச்சாலேயே நகரும் கதை. அந்த வீட்டில் யார் எப்போது வாய் திறக்கிறார்கள், யார் மௌனமாகிறார்கள் என்று மட்டும் தொடர்ந்து பாருங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

எழுத்தாளரின் வாழ்க்கை வரலாறு தெரிந்திருக்க வேண்டுமா?

கதைக்குப் பிறகு தெரிந்துகொள்ளுங்கள். முன்பே தெரிந்தால் கதாபாத்திரத்தின் முகத்தில் எழுத்தாளரின் முகத்தை ஒட்டிவிடுவோம்.

விமர்சனக் கட்டுரைகள்?

அதே பதில்தான். உங்களுக்கென்று ஒரு வாசிப்பு உருவான பின் அடுத்தவருடையதைப் படித்தால் அது உரையாடல். முன்பே படித்தால் நீங்கள் சொல்ல இருந்ததை அது எடுத்துக்கொண்டுவிடும். நண்பர் ஒருவரோடு ஒரே கதையைப் படித்துவிட்டுப் பேசுவது பல கட்டுரைகளைவிட உதவும். அப்போது ‘பிடித்ததா?’ என்று கேட்காமல் ‘எந்த இடத்தில் நின்றாய்?’ என்று கேளுங்கள்.

எங்கிருந்து தொடங்கலாம்?

‘அன்பளிப்பு’, ‘ராஜா வந்திருக்கிறார்’, ‘கதவு’. இந்த மூன்றும் தெளிந்த மொழியில் எழுதப்பட்டவை, முதல் வாசிப்பிலேயே கதையாகப் பிடிபடுபவை. எளிமையான கதையில் பயின்றால்தான் நாம் எதைத் தவறவிட்டோம் என்பது பளிச்சென்று தெரியும். அடுத்து ‘விடியுமா?’, ‘பாயசம்’, ‘புலிக்கலைஞன்’. புதுமைப்பித்தனில் ‘பொன்னகரம்’ முதலில், ‘சாபவிமோசனம்’ பிறகு. மௌனியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ கதையை இடையில் எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டின் அமைப்பே, அதில் சமையலறை இருக்கும் இடமே, எப்படிக் கதையாகிறது என்பதை அது காட்டும்.

புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. ஆகவே அவை இணையத்திலும் மலிவுப் பதிப்புகளிலும் எளிதாகக் கிடைக்கும். மற்றவர்களின் தொகுப்புகளை மாவட்ட நூலகங்களில் கேட்டுப் பாருங்கள். தொகுப்பு முழுவதையும் ஒரே மூச்சில் படித்து முடிக்காதீர்கள். ஒரு வாரத்துக்கு ஒரு கதை, அதையே இரண்டு முறை என்று வைத்துக்கொண்டாலே போதுமானது.